சரக்கு வேகன்களையும் அவற்றின் கிராஃபிட்டியையும் படமெடுத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

வட அமெரிக்க ரயில் ஆர்வலர்களில் பலர் எஞ்சினைப் படமெடுத்த கையோடு கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார்கள்; பின்னால் வரும் நூறு வேகன்கள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கிராஃபிட்டியை மட்டும் தேடி வருபவர்களோ, வண்ணம் தீட்டிய பகுதியை நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, அது எந்த வேகன், யாருடையது, எப்போது கட்டப்பட்டது என்பதைக் குறிக்காமலே போய்விடுவார்கள். என் பார்வையில் இரண்டும் பாதி வேலைதான். வேகன் முழுவதும், எண் தெளிவாகத் தெரியும்படி பதிவான படமே பின்னாளில் பயன்படும். எண் இல்லாத படத்தை இன்னொரு நாளில், இன்னொரு மாநிலத்தில், இன்னொருவர் எடுத்த படத்தோடு ஒப்பிட வழியே இல்லை. இந்த வழிகாட்டி அந்த முழு வேலையைப் பற்றியது.

முதற்படி: வேகனைப் படிக்கப் பழகுதல்

கேமராவைத் தொடுவதற்கு முன் வேகனின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வேகனிலும் இரண்டு முதல் நான்கு எழுத்துகள் கொண்ட உரிமைக் குறியும், அதையடுத்து ஆறு இலக்கங்களுக்கு மிகாத எண்ணும் இருக்கும். இந்தக் குறிகளை அமெரிக்க ரயில்வேக்கள் சங்கத்தின் துணை நிறுவனமான ரெயிலிங்க் ஒதுக்குகிறது. குறி ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் முடிந்தால், அந்த வேகன் ரயில்வே அல்லாத தனியார் நிறுவனத்துக்கோ வாடகை நிறுவனத்துக்கோ உரியது. ‘யு’ என்று முடிந்தால் கன்டெய்னர். ‘இசட்’ என்று முடிந்தால் சாலை டிரெய்லர். குறியும் எண்ணும் சேர்ந்தால்தான் அது ஒரே ஒரு வேகனைச் சுட்டும்; எண்ணை மட்டும் குறித்துவைப்பது வீண்.

புதியவர்கள் அதிகம் தவறுவது கார்களை ஏற்றிச் செல்லும் ஆட்டோராக் வேகன்களில்தான். அவற்றில் கீழே உள்ள தட்டை வேகன் பெரும்பாலும், ரயில்வேக்களுக்கு வேகன்களை வழங்கும் டிடிஎக்ஸ் நிறுவனத்துக்கு உரியதாக இருக்கும். மேலே பொருத்திய கூண்டு ஏதேனும் ஒரு ரயில்வேக்கு உரியதாக இருக்கும். பெரிதாகக் கண்ணில் படும் ரயில்வேச் சின்னத்தைக் குறித்துக்கொண்டு, அடிச்சட்டத்தில் சிறிதாக எழுதிய உண்மையான குறியை விட்டுவிட்டால் பதிவு பிழையாகிவிடும்.

ஒரு வேகன் பார்த்த காலத்தையும் அதன் உடம்பிலேயே படிக்கலாம். கட்டப்பட்ட மாதமும் ஆண்டும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கறுப்புச் சதுரத்துக்குள் மஞ்சள் வட்டம் மங்கலாகத் தெரிந்தால், 1978ஆம் ஆண்டில் விரிசல் விடக்கூடிய ஒரு வகைச் சக்கரத்தைத் தேடி நாடெங்கும் நடந்த சோதனையில் அந்த வேகன் தேறியது என்று பொருள். பல வண்ணப் பட்டைகளை ஏணிபோல் அடுக்கிய சிறு பலகை இருந்தால், அது 1967இல் தொடங்கி எழுபதுகளின் பிற்பகுதியில் கைவிடப்பட்ட கார்ட்ராக் என்னும் ஒளிவழி அடையாள முறையின் மிச்சம். அழுக்குப் படிந்தால் அந்தப் பட்டைகளைக் கருவிகளால் சரியாகப் படிக்க முடியவில்லை. அந்த வேலையை இப்போது செய்வது, அடிச்சட்டத்தில் பொருத்திய ரேடியோ அலைவரிசைச் சில்லு. அடிப்பகுதி நெடுக ஒட்டியிருக்கும் மஞ்சள் அல்லது வெள்ளை ஒளிபிரதிபலிப்புப் பட்டைகள் 2005ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதியால் வந்தவை. சரக்கு வேகன்களுக்குப் பத்து ஆண்டு அவகாசம் தரப்பட்டது.

பழைய வேகன்களுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1974 ஜூலைக்குப் பின் கட்டப்பட்ட வேகன், சிறப்பு அனுமதி பெறாதவரை, ஐம்பது ஆண்டுகள் மட்டுமே ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொரு ரயில்வேக்கு மாறி ஓட முடியும். ரயில்வேக்கள் வேகன்களைப் பகிர்ந்துகொள்ள 1974இல் தொடங்கப்பட்ட ரெயில்பாக்ஸ் கூட்டுத் திட்டத்தின் மஞ்சள் பாக்ஸ்கார்கள் (கூரையும் கதவும் உள்ள மூடிய வேகன்கள்), 1996இல் யூனியன் பசிபிக் ரயில்வேயோடு இணைந்த சதர்ன் பசிபிக் ரயில்வேயின் வேகன்கள், 1999இல் பிரித்துக்கொள்ளப்பட்ட கான்ரெயில் ரயில்வேயின் பழுப்பு வேகன்கள் ஆகியவற்றில் கணிசமானவை இந்த வயது வரம்பை எட்டிக்கொண்டிருக்கின்றன. அவை உடைப்புக்குப் போகும்போது அவற்றின் மேலிருந்த ஓவியங்களும் கூடவே போய்விடுகின்றன.

இரண்டாம் படி: கிராஃபிட்டியை இனம் காணுதல்

சரக்கு வேகனில் எழுதும் பழக்கம் ஸ்பிரே பெயின்ட்டுக்கு மிகவும் முந்தையது. ரயில்வேத் தொழிலாளர்களும் ஊர் ஊராகத் திரிந்த நாடோடிகளும் சுண்ணாம்புக் கட்டியாலும் எண்ணெய் வண்ணக் குச்சியாலும் வரைந்த சிறு கோட்டோவியங்களுக்கு மோனிகர் என்று பெயர். பனைமரத்தடியில் அகலத் தொப்பியோடு உறங்கும் ‘ஹெர்பி’, ஆர்கன்சாவின் கர்டன் ஊரில் மிசௌரி பசிபிக் ரயில்வே ஊழியர் ஒருவர் 1971இல் வரையத் தொடங்கிய, பைப் புகைக்கும் கௌபாயின் பக்கவாட்டு முகம் ஆகியவை இவற்றுள் புகழ்பெற்றவை. வண்ணப் பெயின்ட் வேகன்களுக்குப் பெருமளவில் வந்ததற்கு நியூயார்க் சுரங்க ரயில் ஒரு முக்கியக் காரணம். கிராஃபிட்டி உள்ள பெட்டி எதையும் இனி ஓட்டுவதில்லை என்ற நிலையை அங்குள்ள போக்குவரத்து ஆணையம் 1989 மே மாதத்தில் எட்டியபின், சுரங்க ரயிலில் எழுதியவர்களில் பலர் சரக்கு வேகன்களின் பக்கம் திரும்பினார்கள். இத்தகைய ஓவியங்களைக் காத்திருந்து பார்ப்பதற்குப் பெஞ்சிங் என்று பெயர் வந்ததும் அந்த நகரத்தின் ரயில் நிலைய பெஞ்சுகளிலிருந்துதான். பிராங்க்ஸில் 149ஆம் தெரு நிலையத்தின் பெஞ்ச் அவற்றுள் பெயர்பெற்றது.

படத்துக்கு விளக்கம் எழுத ஒரு சில சொற்கள் போதும். ஒரே வீச்சில் எழுதிய கையொப்பம் டேக். இரண்டு வண்ணங்களில் வேகமாக ஊதி நிரப்பிய எழுத்துகள் த்ரோ-அப். நிழலும் விளிம்பும் பின்னணியுமாக நேரம் எடுத்துத் தீட்டியது பீஸ். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டால் எண்ட்-டு-எண்ட். மேலிருந்து கீழ்வரை முழுப் பக்கத்தையும் மூடினால் ஹோல் கார்.

கிராஃபிட்டி எழுதுபவர்களில் அனுபவம் உள்ளவர்கள் வேகன் எண்ணை மறைப்பதில்லை. மரியாதை காரணமாக அன்று. எண் மறைந்தால் ரயில்வே அந்த இடத்தில் சதுரமாக ஒரு பூச்சடித்து எண்ணைத் திரும்ப அச்சிடும், ஓவியம் பாழாகும். எண்ணை விட்டுவிட்டால் பல ஆண்டுகள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஓவியத்தின் நடுவே பொருந்தாத நிறத்தில் ஒரு கட்டமும் அதன்மேல் புத்தம்புது எழுத்துகளும் தெரிந்தால் காரணம் இதுதான். படமெடுப்பவருக்கு அந்தக் கட்டமும் வரலாற்றின் ஒரு பகுதியே. அதை விட்டுவிட்டுப் படமெடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: நிற்கும் இடம்

வேகனில் அனுமதியின்றி எழுதுவது குற்றம். பொது இடத்தில் நின்று அதைப் படமெடுப்பது குற்றமன்று. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு ரயில்வே நிலத்தின் எல்லைதான். தண்டவாளத்தின் இருபுறமும் ரயில்வேக்கு உரிய நிலம் நாம் நினைப்பதைவிட அகலமானது. சரளைக்கல் முடியும் இடத்தில் அது முடிந்துவிடுவதில்லை. ஆகவே பொதுச்சாலை, லெவல் கிராசிங்கை ஒட்டிய நடைபாதை, மேம்பாலம், பயணிகள் நடைமேடை, பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுக்குள்ளும், வேகன்கள் வரிசையாக நிறுத்திவைக்கப்படும் ஒதுக்குத் தடங்களுக்குள்ளும் போகவே வேண்டாம்.

இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதன்று. வேகன்கள் தண்டவாளத்துக்கு வெளியே இருபுறமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். மரச் சுமையிலிருந்து அவிழ்ந்த எஃகுப் பட்டை அதற்கும் அப்பால் சாட்டைபோல் வீசும். நின்றிருக்கும் வேகன் வரிசை எந்த ஓசையும் இன்றி நகரத் தொடங்கும். இணைப்பான்களின் தளர்வு இறுகும் சத்தம் காதில் விழும்போது பக்கத்திலுள்ள வேகன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நீண்ட சரக்கு ரயில் நிற்க ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இரட்டைத் தடத்தில் ஒரு ரயிலைப் படமெடுக்கும்போது மறு தடத்தில் இன்னொன்று வருவதும் வழக்கம். கிராசிங்கில் உள்ள சிறிய நீலப் பலகையில் அவசரத் தொலைபேசி எண்ணும் அந்தக் கிராசிங்கின் அடையாள எண்ணும் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்: ஆபத்து நேர்ந்தால் உதவும், இல்லையென்றால் இடத்தைக் குறித்துவைத்த பதிவாகவாவது பயன்படும்.

பார்வையாளர்களுக்கென்றே அமைந்த இடங்களும் உண்டு. இல்லினாயின் ரோஷெல் ரயில் பூங்காவில் இரண்டு பெரிய ரயில்வேக்களின் தடங்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. ஜார்ஜியாவின் ஃபோக்ஸ்டனில் கூரையிட்ட மேடை இருக்கிறது. ஒஹாயோவின் ஃபஸ்டோரியாவில் மூன்று தடங்கள் சந்திக்கும் முக்கோணத்துக்கு நடுவிலேயே பூங்கா அமைந்துள்ளது. நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் பெய்லி யார்டு முழுவதையும் கோபுரத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து பக்கவாட்டு ஓவியங்கள் சரியாகக் கிடைக்காது. வேகன் படத்துக்கு உயரத்தைவிட, ரயில் வேகம் குறைத்துச் செல்லும் இடமே முக்கியம்.

நான்காம் படி: வெளிச்சத்தைக் கணக்கிடுதல்

தடம் வடக்கு தெற்காக ஓடினால், காலையில் கிழக்குப் பக்கமும் பிற்பகலில் மேற்குப் பக்கமும் நில்லுங்கள். கிழக்கு மேற்காக ஓடினால், ஆண்டின் பெரும்பகுதியில் தெற்குப் பக்கம்தான் வெயில் படும் பக்கம். உச்சிவெயிலில் வேகனின் மேல்விளிம்பும் ஏணிகளும் பக்கவாட்டின்மேல் நீண்ட நிழலை இழுக்கும், சக்கரங்கள் இருளில் மறையும். கோடையில் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடலாம்.

எல்லோரும் வெயில் பக்கமே நிற்பதால் ஒரு விளைவு உண்டு. வேகனுக்கு இரண்டு பக்கங்கள். நிழல் பக்கத்தில் கடந்துபோகும் ஓவியங்கள் பதிவாகாமலே போய்விடுகின்றன. மேகமூட்டமான நாளில் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். சீரான மென்வெளிச்சம் கிராஃபிட்டிக்கு நேரடி வெயிலைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன். குறிப்பாக வெள்ளி நிறப் பெயின்ட்டில் தீட்டியவை வெயிலில் கண்ணைப் பறித்து விவரத்தை இழந்துவிடும். பளபளப்பான பெயின்ட்டின் மினுமினுப்பைக் குறைக்கத் துருவமாக்கி வடிகட்டியைப் பயன்படுத்தலாம். ஆனால் அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) விழுங்கும், ஓடும் ரயிலுக்கு அந்த ஒளி தேவை.

ஐந்தாம் படி: தூரமும் லென்ஸும்

இங்கே சிறிது கணக்குப் போட்டால் களத்தில் தடுமாற்றம் இருக்காது. ஐம்பதடி பாக்ஸ்கார் ஒன்று இணைப்பான் முதல் இணைப்பான் வரை ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். இருபுறமும் சிறிது இடம் விட்டு 20 மீட்டர் அகலத்தைப் படச்சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் (ஒளியுணரி 36 மி.மீ. அகலமுள்ளது) 35 மி.மீ. லென்ஸுக்கு 19 மீட்டருக்குச் சற்று அதிகத் தூரமும், 50 மி.மீ. லென்ஸுக்கு 28 மீட்டரும், 85 மி.மீ. லென்ஸுக்கு 47 மீட்டரும் தேவைப்படும். ஆட்டோராக் வேகன் ஏறத்தாழ 28 மீட்டர் நீளம் என்பதால், 50 மி.மீ. லென்ஸோடு 45 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். நெருங்கி நின்று அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்தாதீர்கள். வேகனின் நடுப்பகுதி புடைத்து, எழுத்துகளின் விகிதம் மாறிவிடும்.

கேமராவைச் சாய்க்காமல் பக்கவாட்டுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். தடம் மேட்டின்மேல் இருந்தால் நீங்கள் அண்ணாந்து எடுக்க நேரும், மேல்விளிம்பு குறுகித் தெரியும். தடத்துக்குச் சமமான அல்லது சற்றே உயர்ந்த இடத்தைத் தேடுங்கள்.

ஆறாம் படி: கேமரா அமைப்பு

மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் வினாடிக்கு 18 மீட்டர் நகர்கிறது. அதாவது வினாடிக்கு ஒரு வேகன். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில்கூட வேகன் 1.8 செ.மீ. நகர்ந்துவிடும். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 20 மீட்டரைப் பதிவு செய்யும்போது ஒரு பிக்சல் 3.3 மி.மீ. என்பதால், அந்த நகர்வு ஐந்து பிக்சல் மங்கலாகும். பெரிய எண்கள் அப்போதும் படிக்கும்படி இருக்கும். கட்டப்பட்ட ஆண்டு போன்ற சிற்றெழுத்துகள் கரைந்துவிடும். ஆகவே நேர்ப் பக்கவாட்டுப் படத்துக்கு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்பதையே குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். நல்ல வெயிலில் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400 அதற்குப் போதும்.

வெளிச்ச அளவைக் கைமுறையில் நிலைநிறுத்துங்கள். தானியங்கி முறையில் வெள்ளைக் குளிர்பதன வேகன் வரும்போது படம் இருண்டுவிடும், அதையடுத்துக் கறுப்பு டேங்க் வேகன் வந்ததும் வெளிறிவிடும். வெயில் பட்ட வெள்ளை நிறம் வெளிறாத அளவில் ஒருமுறை வைத்துவிட்டால், மேகம் மறைக்கும்வரை கைவைக்க வேண்டியதில்லை. குவியத்தையும் தண்டவாளத்தின்மீது முன்கூட்டியே பூட்டிவிடுங்கள்.

மின்னணு ஷட்டரைத் தவிர்க்கவும். பல கேமராக்களில் அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், அந்த இடைவெளிக்குள் வேகன் நகர்ந்து, நேரான கதவு சாய்ந்த கதவாகப் பதிவாகும். ஓசையில்லாத வசதிக்கு ஆசைப்பட்டு ஒரு முழு ரயிலையும் நான் இப்படிச் சாய்த்துவிட்டேன். பிறகு மென்பொருளில் நிமிர்த்தினால் பின்னணி மரங்கள் சாய்ந்தன.

தொடர் படப்பிடிப்பு வேண்டாம். விரலை அழுத்தியே வைத்திருந்தால் நாற்பதாவது வேகனுக்குள் கேமராவின் இடைநினைவகம் நிரம்பி, நல்ல ஓவியம் வரும் கணத்தில் கேமரா மூச்சுவாங்கும். ஒவ்வொரு வேகனும் சட்டத்தின் நடுவுக்கு வரும்போது ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பத்து வேகன்களுக்குள் தாளம் கைக்கு வந்துவிடும்.

ஏழாம் படி: ரயில் வரும்போது

ரயில்வேக்களின் ரேடியோ உரையாடல்கள் 160 முதல் 161 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நடக்கின்றன. தடத்தோரம் உள்ள பழுது கண்டறியும் கருவிகள் பல, ரயில் கடந்ததும் மொத்த அச்சுகளின் எண்ணிக்கையைக் குரலில் அறிவிக்கும். அதை நான்கால் வகுத்தால் எத்தனை வேகன்கள் வருகின்றன என்று தோராயமாகத் தெரியும். இவற்றைக் கேட்க உதவும் ரேடியோக் கருவியான ஸ்கேனரை வாகனத்துக்குள் வைத்திருப்பதற்குச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் வரும்போது ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ரயிலின் நடுவில் எஞ்சின் வந்துவிட்டால் முடிந்தது என்று எண்ணி விடாதீர்கள். நீண்ட ரயில்களில் நடுவிலும் கடைசியிலும் எஞ்சின்களை இணைப்பது வழக்கம். கடைசி வேகனின் இணைப்பானில் சிவப்பு விளக்கு மினுக்கும் சிறு பெட்டி தெரிந்தாலோ, எஞ்சினுக்குப் பின்னால் வேறொன்றும் இல்லாவிட்டாலோதான் ரயில் முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

மோனிகர்களுக்குத் தனிக் கவனம் தேவை. அவை பெரும்பாலும் முழம் அளவே இருக்கும், தரையில் நிற்பவரின் கைக்கெட்டும் உயரத்தில், அடிச்சட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி 40 செ.மீ. மோனிகருக்குப் படத்தில் 120 பிக்சல்தான் கிடைக்கும். இருப்பது தெரியும், எழுதியிருப்பது தெரியாது. ரயில் மெதுவாகப் போகும்போதோ, கிராசிங் அருகே நிற்கும்போதோ, பொதுச்சாலையில் நின்றபடியே நீண்ட லென்ஸால் இரண்டாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகன் படத்தை முதலில் எடுத்த பிறகே நெருக்கப் படம். இந்த வரிசையை மாற்றினால் எண் தெரியாத நெருக்கப் படம் ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

எட்டாம் படி: படத்தைத் திருத்துதலும் பதிவும்

திருத்தம் குறைவாக இருக்கட்டும். லென்ஸ் வளைவைச் சரிசெய்து, அடிச்சட்டத்தின் கோட்டை வைத்துப் படத்தை நேராக்கி, இரு முனைகளிலும் சமமாக இடம் விட்டு வெட்டினால் போதும். வெண்சமநிலைக்குச் சாம்பல் நிறச் சரளைக்கல் நல்ல துணை. நிறச்செறிவைக் கூட்டாதீர்கள்: சிவப்பு மங்கியிருந்தால் மங்கியபடியே இருக்கட்டும், ஓவியத்தின் வயதைக் கணிக்க அந்த மங்கலும் ஒரு சான்று. ஒளிபிரதிபலிப்புப் பட்டை ஓவியத்தின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறதா, ஓவியம் பட்டையின்மேல் ஊதப்பட்டிருக்கிறதா என்பதும் அப்படித்தான்; எது முந்தியது என்பதை அதுவே சொல்லிவிடும்.

கோப்பின் பெயரில் நாள், உரிமைக் குறி, வேகன் எண், பக்கம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பக்கத்தைக் குறிக்க ரயில்வேயின் சொந்த முறையையே பின்பற்றலாம். கைப்பிரேக் சக்கரம் உள்ள முனை ‘பி’ முனை. அதற்கு வெளியே நின்று வேகனை நோக்கினால் உங்கள் வலக்கைப் பக்கம் வலது, இடக்கைப் பக்கம் இடது. ஆகவே உங்கள் படத்தில் பிரேக் சக்கரம் இடது முனையில் இருந்தால் நீங்கள் பார்ப்பது வேகனின் வலது பக்கம். வலது முனையில் இருந்தால் இடது பக்கம். ரயில் எந்தத் திசையில் போனாலும் இந்தக் குறிப்பு மாறாது. இடம், ரயில் சென்ற திசை, ஓவியத்தில் எழுத்தாகத் தெரிவது, அதிலேயே ஆண்டு எழுதியிருந்தால் அந்த ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் உள்விவரத்தில் எழுதுங்கள். ஓவியத்திலுள்ள எழுத்துகளைப் படிக்க முடியாவிட்டால் ஊகித்து எழுதாமல் வெற்றிடமாக விடுங்கள்.

படங்களைப் பிறருக்குக் காட்டும்போது, தீட்டிக்கொண்டிருப்பவரின் முகமோ, வேகன்கள் இரவில் காவலின்றி நிற்கும் தடத்தின் இடமோ வெளிப்படக் கூடாது. முதலாவது ஒருவரைச் சிக்கலில் மாட்டும், இரண்டாவது அடுத்தவருக்கு வழிகாட்டும். ஓடும் ரயிலைப் பொதுக் கிராசிங்கில் எடுத்த படத்துக்கு ஊர்ப் பெயரைத் தயங்காமல் குறிக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை தொகுப்பை வேகன் எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரே எண்ணின் இடது பக்கம் ஒரு குளிர்காலத்திலும், வலது பக்கம் நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு மாநிலத்திலும் பதிவாகியிருப்பதை அப்போதுதான் கவனிப்பீர்கள். இரண்டையும் ஒரே கோப்புறைக்கு மாற்றி, முன்பு ‘எழுத்து தெரியவில்லை’ என்று விட்ட வெற்றிடத்தை நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள்.